அப்ரைட் வேக்யூம் கிளீனர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓட்டல்கள், அலுவலகங்கள், வெளிநாட்டிலிருந்து திரும்பியவர்களின் வீடுகள் என்று பல இடங்களிலும் தரை சுத்தம் செய்யும் மெஷின்களைப் பழுது பார்ப்பது என் வேலை. மெஷினைத் திறந்து வைத்திருக்கும்போது பக்கத்தில் நின்று பார்ப்பவர்கள் கேட்கும் சந்தேகங்கள் திரும்பத் திரும்ப ஒன்றாகவே இருக்கின்றன. டொராண்டோவிலும் லண்டனிலும் இருக்கும் சொந்தக்காரர்கள் போனில் கேட்பதும் அவற்றைத்தான். கேட்டவர்களின் வார்த்தையிலேயே கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில், சிக்கலானவை பின்னால்.

அப்ரைட்னா எது? எங்க வீட்ல இருக்கிற வேக்யூம் கிளீனர் அது இல்லையா?

தமிழ்நாட்டு வீடுகளில் அதிகம் இருப்பது பின்னால் இழுத்துக்கொண்டு போகும் உருளை வகை. மோட்டாரும் தூசிப் பையும் ஒரு பெட்டியில் இருக்கும். அதிலிருந்து நீளமான ஹோஸ், அதன் முனையில் குழாய், குழாயின் முனையில் தட்டையான வாய். அப்ரைட்டில் எல்லாம் ஒரே உடம்பு. தரையைத் தொடும் அகலமான தலை, அதற்குள் சுழலும் பிரஷ் ரோலர், மேலே பையோ டப்பாவோ, உச்சியில் கைப்பிடி. நின்றபடியே முன்னும் பின்னும் தள்ளலாம்.

வடிவத்தைவிட முக்கியமான வித்தியாசம் அந்த ரோலர்தான். சாதாரண உருளை வகை காற்றை மட்டும் நம்புகிறது. அப்ரைட் காற்றையும் பிரஷ்ஷையும் சேர்த்து நம்புகிறது. அதன் ஒவ்வொரு பாகமும் கார்பெட்டை மனதில் வைத்து அமைக்கப்பட்டது என்பதைப் பிடித்துக்கொண்டால் கீழே வரும் பாதி பதில்கள் தாமாகவே புரியும்.

இங்கிலாந்து, அமெரிக்கா வீடுகள்ல மட்டும் ஏன் இதை அதிகமா பார்க்குறோம்?

அங்கே சுவரிலிருந்து சுவர் வரை கார்பெட் ஒட்டியிருப்பார்கள். படுக்கையறை, மாடிப்படி எல்லாவற்றிலும் கார்பெட் இருக்கும். ஐரோப்பாவின் பிற நாடுகளில் மரத்தரையும் டைல்ஸும் நடுவே ஒரு விரிப்புமாக இருப்பதால் அங்கே உருளை வகை நிலைத்தது. நம் ஊரில் மொசைக், டைல்ஸ், கிரானைட் என்பதால் அப்ரைட் பெரும்பாலும் ஓட்டல் காரிடாரிலும் அலுவலகங்களிலும்தான் கண்ணில் படும்.

இதைக் கண்டுபிடிச்சது ஹூவர்தானே?

இல்லை, ஜேம்ஸ் முர்ரே ஸ்பாங்ளர். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் கேன்டன் என்ற ஊரில் ஒரு பெரிய கடையில் துப்புரவு வேலை செய்தவர். ஆஸ்துமா இருந்தது. கார்பெட்டைப் பெருக்கும்போது கிளம்பும் தூசி அவருக்குப் பெரும் தொல்லை. 1907இல் ஒரு ஃபேன் மோட்டார், துடைப்பக் கம்பு, தலையணை உறை ஆகியவற்றைச் சேர்த்து, சுழலும் பிரஷ்ஷோடு ஒரு மெஷின் செய்தார். 1908இல் காப்புரிமை கிடைத்தது. அதே ஆண்டு அதை வாங்கியவர்தான் தோல் பொருள் வியாபாரியான வில்லியம் ஹென்றி ஹூவர். குதிரைச் சேணத்துக்குக் கிராக்கி குறையப்போகும் காலத்தில் அவருக்கு ஒரு புதுத் தொழில் கிடைத்தது.

ஸ்பாங்ளருக்கு முன்பும் ஆட்கள் இருந்தார்கள். மிச்சிகனில் மெல்வில் பிஸ்ஸெல் 1876இல் மின்சாரம் இல்லாத கார்பெட் பெருக்கிக்குக் காப்புரிமை வாங்கினார். அதில் பிரஷ் உண்டு, உறிஞ்சும் காற்று இல்லை. லண்டனில் ஹூபர்ட் செசில் பூத் 1901இல் குதிரை வண்டியில் ஏற்றிய பெரிய உறிஞ்சும் இயந்திரத்தைத் தெருவில் நிறுத்தி, ஜன்னல் வழியாக ஹோஸை உள்ளே விட்டுச் சுத்தம் செய்தார். அதில் காற்று உண்டு, சுழலும் பிரஷ் இல்லை. இரண்டையும் ஒருவர் தனியாகத் தள்ளக்கூடிய உடம்புக்குள் சேர்த்ததுதான் ஸ்பாங்ளர் செய்த வேலை. கேன்டனில் கார்பெட் பெருக்கிய அந்த மனிதரின் பெயரை இன்னும் நிறையப் பேர் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் ஆசை.

நல்லா உறிஞ்சினா போதாதா? பிரஷ் எதுக்கு?

போதாது. கார்பெட்டில் கண்ணுக்குத் தெரியும் நூல், முடி, பிஸ்கட் தூள் எல்லாம் மேலே கிடப்பவை. உண்மையான அழுக்கு அடியில் இருக்கிறது. செருப்பில் வரும் மணல் மிதிபட்டு மிதிபட்டு நூல்களின் வேர் வரை இறங்கிவிடும். மணலின் கூர்முனை நூலை அறுத்துக்கொண்டே இருக்கும். நடைபாதைப் பகுதியில் கார்பெட் சீக்கிரம் மங்கி மெலிந்துபோக அதுவும் ஒரு முக்கியக் காரணம். உறிஞ்சும் காற்று நூல்களின் மேற்பகுதி வழியாக எளிதாகப் போய்விடுவதால் அடி மணல் அசையாது.

ஜமக்காளத்தைக் கொடியில் போட்டுக் கம்பால் தட்டுவார்களே, அந்த வேலையைத்தான் ரோலர் செய்கிறது. மயிர்க்கற்றைகள் நூலைப் பிரிக்கின்றன, அதிர்வு மணலைக் கிளப்புகிறது, கிளம்பியதைக் காற்று அள்ளிக்கொண்டு போகிறது. 1926இல் ஹூவர் நிறுவனம் ரோலரில் மயிரோடு உலோகப் பட்டையையும் வைத்தது. காற்று கார்பெட்டைத் தரையிலிருந்து லேசாகத் தூக்கிப் பிடிக்க, பட்டை அதைத் தட்டும். மயிர் நேர்க்கோட்டில் இல்லாமல் ரோலரைச் சுற்றித் திருகலாகப் போவதைக் கவனித்திருப்பீர்கள். ஒரே நேரத்தில் முழு வரிசையும் கார்பெட்டில் அடித்தால் மெஷின் குலுங்கும். திருகலாக இருந்தால் சுமை சீராகப் பரவும்.

இதைச் சோதிக்கும் முறையும் எளிமையானதுதான். ஏஎஸ்டிஎம் என்ற அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பின் எஃப்608 தரத்தில் ஒன்பது பங்கு மணலும் ஒரு பங்கு டால்க் பவுடரும் கலந்து கார்பெட்டில் தூவி, அழுத்திப் புதைத்து, மெஷினை ஓட்டி, எவ்வளவு வெளியே வந்தது என்று எடை பார்க்கிறார்கள். மேலோட்டமாகப் பளிச்சென்று ஆக்கும் மெஷின்கள் இந்தச் சோதனையில் தடுமாறும்.

2000 வாட் மெஷின் 900 வாட்டைவிட இரண்டு மடங்கு இழுக்கும்தானே?

அப்படிச் சொல்ல முடியாது. பெட்டியில் போட்டிருக்கும் வாட் என்பது மெஷின் எவ்வளவு மின்சாரம் குடிக்கிறது என்பதற்கான கணக்கு. அந்தச் சக்தியில் எவ்வளவு தரைக்குப் போய்ச் சேர்கிறது என்பது ஃபேனின் வடிவம், காற்று போகும் பாதை, தலையின் அமைப்பு ஆகியவற்றைப் பொறுத்தது. வளைந்து நெளிந்த குறுகலான குழாய் இருந்தால் வழியிலேயே பாதி வீணாகும்.

பார்க்க வேண்டிய விஷயங்கள் இரண்டு. ஒன்று இழுவை அழுத்தம், மற்றொன்று காற்றோட்டம். வாயைக் கையால் முழுக்க மூடினால் அழுத்தம் உச்சத்தில் இருக்கும், காற்றோட்டம் பூஜ்யம். முழுக்கத் திறந்தால் காற்றோட்டம் உச்சம், அழுத்தம் ஏறக்குறைய பூஜ்யம். இரண்டையும் பெருக்கி வருவதுதான் ஏர்வாட். அது நடுவில் எங்கோதான் உச்சத்தைத் தொடும். "இவ்வளவு பாஸ்கல் இழுவை" என்று அழுத்தத்தின் அளவை மட்டும் விளம்பரம் செய்தால், அது வாயை மூடிய நிலையில் எடுத்த அளவாக இருக்கலாம். அந்த நிலையில் ஒரு துகள்கூட நகராது.

ஐரோப்பிய ஒன்றியம் 2014 செப்டம்பரில் 1600 வாட்டுக்கு மேற்பட்ட வீட்டு மெஷின்களைத் தடை செய்தது. 2017இல் வரம்பு 900 வாட். அப்போது பலரும் பயந்தார்கள். ஆனால் அதே விதி கார்பெட்டில் குறைந்தது 75 சதவீதத் தூசியை எடுக்க வேண்டும், சத்தம் 80 டெசிபலைத் தாண்டக்கூடாது, மோட்டார் 500 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றும் சொன்னது. மெஷின்கள் அதற்கு ஏற்றபடி வந்தன. என்னைக் கேட்டால் இந்தத் துறைக்குக் கிடைத்த நல்ல விதிகளில் அது ஒன்று. அதோடு வந்த மின்திறன் லேபிள் மட்டும் நிற்கவில்லை. காலியான மெஷினை வைத்துச் சோதிக்கிறார்கள் என்று டைசன் நிறுவனம் வழக்குப் போட்டு வென்றது; 2019இல் லேபிள் ரத்தானது. பை நிறைய நிறைய நிலைமை மாறும் என்ற வாதம் சரியானதுதான்.

வாயை அடைச்சா மோட்டார் சத்தம் கூடுது. அப்போ அதிகமா உழைக்குதுன்னுதானே அர்த்தம்?

நேர் எதிர். ஃபேனின் வேலை காற்றைத் தள்ளுவது. அடைத்துவிட்டால் தள்ளக் காற்றே இல்லை, சுமை குறைகிறது, மோட்டார் வேகம் எடுக்கிறது. அந்தக் கீச்சுச் சத்தம் அதனால்தான்.

ஆனாலும் அப்படி ஓடவிடக்கூடாது. பெரும்பாலான வீட்டு மெஷின்களில் உறிஞ்சி வரும் அதே காற்றுதான் மோட்டாரையும் குளிர்விக்கிறது. காற்று நின்றால் மோட்டார் சூடேறும். நல்ல மெஷின்களில் சூட்டைக் கண்டு தானே அணையும் பாதுகாப்பு உண்டு. மெஷின் திடீரென்று நின்று, அரை மணி, ஒரு மணி கழித்துத் தானாக ஓடினால் பெரும்பாலும் அதுதான் காரணம். எங்கோ அடைப்பு இருக்கிறது.

பை வச்சது நல்லதா, டப்பா வச்சது நல்லதா?

பை என்பது குப்பைத்தொட்டியும் ஃபில்டரும் சேர்ந்தது. தூசி நிறைய நிறைய அதன் துளைகள் அடைபட்டு இழுவை குறையும். பழைய காகிதப் பையில் இது வேகமாக நடக்கும். இப்போது வரும் பல அடுக்குச் செயற்கைத் துணிப் பைகளில் மெதுவாக நடக்கும். பையை மூடி அப்படியே எறியலாம், தூசி முகத்தில் படாது. ஆஸ்துமா உள்ள வீட்டுக்கு நான் பையைத்தான் சொல்வேன்.

டப்பா வகையில் சைக்ளோன் வேலை செய்கிறது. காற்றைக் கூம்புக்குள் வேகமாகச் சுழற்றினால் தூசி சுவரில் வீசப்பட்டுக் கீழே விழும். ஆலைகளில் மரத்தூளைப் பிரிக்க இருந்த இந்த முறையை ஜேம்ஸ் டைசன் வீட்டு மெஷினுக்குக் கொண்டுவந்தார். 5,127 மாதிரிகள் செய்து பார்த்தார். பிரிட்டனில் அவருடைய டிசி01 அப்ரைட் 1993இல் விற்பனைக்கு வந்தது. ஆனால் மிக நுண்ணிய தூசி சைக்ளோனிலிருந்தும் தப்பும். அதைப் பிடிக்க மோட்டாருக்கு முன்னால் ஒரு ஃபில்டர் இருக்கும். பை வாங்கும் செலவு இல்லை, அந்த ஃபில்டரைக் கழுவும் வேலை உண்டு.

வாங்கி ஆறு மாசம்தான். இழுக்கவே மாட்டேங்குது. மோட்டார் போயிடுச்சா?

மோட்டார் ஓடும் சத்தம் கேட்டால் பெரும்பாலும் போயிருக்காது. முதலில் ஃபில்டர். கழுவியிருந்தால் முழுக்கக் காய்ந்ததா என்று பாருங்கள். ஒரு நாளாவது நிழலில் காய வேண்டும். ஈர ஃபில்டரைப் போட்டால் தூசி சேறாகி ஒட்டிக்கொள்ளும். அப்புறம் ஹோஸ். அப்ரைட்டின் பின்புறம் தலைக்கும் உடம்புக்கும் நடுவே ஒரு குட்டி ஹோஸ் இருக்கும். அதைக் கழற்றிப் பார்ப்பவர்கள் குறைவு. ஹேர்பின், ஐஸ் குச்சி, சாக்ஸ் எல்லாம் அங்கேதான் கிடைக்கும்.

ஹோஸ் முனையில் கையை வைத்தால் நன்றாக இழுக்கிறது, கார்பெட்டில் மட்டும் எடுக்கவில்லை என்றால் ரோலர் சுற்றவில்லை. அடுத்த கேள்விக்குப் போங்கள்.

பெல்ட் ஏன் அடிக்கடி அறுந்துடுது?

மோட்டாரின் மெல்லிய தண்டிலிருந்து ரோலரைச் சுற்ற வைப்பது ஒரு ரப்பர் பெல்ட். முடி ரோலரின் இரு முனைகளிலும் சுற்றி பேரிங்கை இறுக்கிவிடும். ரோலர் நிற்கும், தண்டு சுற்றும், பெல்ட் உராய்ந்து கருகும். ரப்பர் கருகும் வாசனை வந்தால் உடனே அணைத்துவிடுங்கள். மோட்டார் கருகுவதற்குப் பதில் மலிவான பெல்ட் போகட்டும் என்பதும் இந்த அமைப்பில் உள்ள ஒரு நன்மை. பல் வைத்த பெல்ட் உள்ள மெஷின்களில் பெல்ட் வழுக்காது. அதனால் சிக்கினால் மோட்டாரை நிறுத்தத் தனிப் பாதுகாப்பு வைத்திருப்பார்கள்.

அறுவதைவிட மோசமானது தட்டைப் பெல்ட் தளர்வது. ரோலர் சுற்றுவது போலவே தெரியும். கார்பெட்டில் வைத்ததும் நின்றுவிடும். அறுந்தால்தான் மாற்றுவேன் என்று இருந்தால் பல மாதம் வெறுமனே தள்ளிக்கொண்டிருப்பீர்கள். தினமும் ஓடும் ஓட்டல் மெஷின்களில் அறுவதற்கு முன்பே மாற்றிவிடச் சொல்வேன். ரோலரில் நீளவாக்கில் ஒரு பள்ளம் இருந்தால் அது கத்தரிக்கோலை விட்டு முடியை வெட்டுவதற்காக வைத்தது.

சும்மா நிறுத்தி வச்சாலும் ரோலர் சுத்திக்கிட்டே இருக்கே, பரவாயில்லையா?

கார்பெட் மேல் பரவாயில்லை என்று விடக்கூடாது. ஒரே இடத்தில் மயிர் தேய்த்துக்கொண்டே இருந்தால் நூல் பொசுங்கும். கைப்பிடியை நிமிர்த்தியதும் ரோலர் நிற்கவோ தரையைவிட்டு உயரவோ வேண்டும். வாங்கும்போதே கடையில் சோதித்துப் பாருங்கள்.

பழைய மாடல்கள்ல குப்பை நேரா ஃபேன் வழியாவே போகுதாமே. அது தப்பான டிசைன் இல்லையா?

தப்பில்லை. ஸ்பாங்ளரின் மெஷினே அப்படித்தான். தலைக்குப் பக்கத்திலேயே ஃபேன். குப்பை அதன் வழியாகப் போய்ப் பின்னால் ஊதிய பைக்குள் விழும். கிர்பி என்ற அமெரிக்க நிறுவனத்தின் மெஷின்கள் இன்றும் இந்த முறையில்தான் வருகின்றன. காற்றுப் பாதை மிகக் குறுகியது என்பதால் குறைந்த அழுத்தத்திலேயே நிறையக் காற்று போகும். கார்பெட்டுக்கு அது மிகவும் பொருந்தும். ஒரே மோட்டார் ஃபேனையும் ரோலரையும் ஓட்டுவதால் அமைப்பும் எளிது, பழுது பார்ப்பதும் எளிது.

பாதகங்களும் உண்டு. காசு, கல் எதுவானாலும் ஃபேனில் அடித்துத்தான் போகும். பை எப்போதும் உள்ளிருந்து ஊதப்படுவதால் சின்ன ஓட்டை இருந்தாலும் தூசி அறைக்குள் வரும். நீண்ட ஹோஸ் மாட்டினால் இழுவை படுத்துவிடும். பையை ஃபேனுக்கு முன்னால் வைக்கும் முறையில் ஃபேனுக்குச் சுத்தமான காற்று மட்டும் போகும், ஹோஸும் நன்றாக வேலை செய்யும். ஆனால் பாதை நீளம், அடைப்பு வரும் இடமும் அதிகம். கார்பெட் மட்டுமே உள்ள பெரிய கூடம் என்றால் எனக்கு முதல் வகை பிடிக்கும். சோபா, திரைச்சீலை, படி எல்லாம் செய்ய வேண்டும் என்றால் இரண்டாவது.

அப்ரைட் ஏழு கிலோ இருக்கு. மூணு கிலோ குச்சி டைப்தானே கைக்கு நல்லது?

தராசில் காட்டும் எடையும் கையில் விழும் எடையும் வேறு. அப்ரைட்டில் கனமான பாகங்கள் தரையோடு இருக்கின்றன, கை தள்ள மட்டும் செய்கிறது. கார்பெட்டில் ரோலரின் அடிப்பக்கம் பின்நோக்கிச் சுற்றுவதால் மெஷின் தானே முன்னால் இழுத்துக்கொண்டு போகும். குச்சி வகை என்பது பேட்டரியில் ஓடும் மெல்லிய கம்பு போன்ற மெஷின். அதில் மோட்டாரும் பேட்டரியும் கைப்பிடியோடு சேர்ந்து மேலே இருக்கும். அரை மணி நேரம் பிடித்துப் பாருங்கள், தெரியும்.

ஆனால் மாடிப்படி என்றால் குச்சி வகைதான் வசதி. எடையைக் குறைக்கும் முயற்சியும் பழையது. 1936இல் ஹென்றி டிரேஃபஸ் வடிவமைத்த ஹூவர் 150இல் மெக்னீசியம் என்ற லேசான உலோகமும் பேக்லைட் என்ற பழைய வகைப் பிளாஸ்டிக்கும் பயன்படுத்தினார்கள்.

டைல்ஸ் தரையில அப்ரைட்டை ஓட்டலாமா?

ரோலரை நிறுத்த முடிந்தால் ஓட்டலாம். நிறுத்தாவிட்டால், மேலே சொன்ன அதே பின்நோக்கிய சுழற்சி அரிசி, மணல் எல்லாவற்றையும் உங்கள் காலில் வீசும். கடினமான மயிர் பாலிஷ் போட்ட மரத்தரையையும் மார்பிளையும் கீறலாம். சில மெஷின்களுக்குத் தரைக்கென்றே மென்மையான துணி ரோலர் தனியாக வரும். தரைக்கு அது போதும்.

தண்ணி சிந்தினதையும் இதுலயே எடுத்துடலாமா?

கூடாது. உறிஞ்சிய காற்றே மோட்டாரைக் குளிர்விக்கிறது என்று சொன்னேன் அல்லவா, அந்த மோட்டாருக்குள் ஈரம் போனால் ஷாக் அடிக்கும், மோட்டாரும் கெடும். ஈரத்தையும் உறிஞ்சும் மெஷின்களில் மோட்டாரைக் குளிர்விக்கத் தனிக் காற்று வழி இருக்கும். அழுக்குத் தண்ணீர் தொட்டியில் ஒரு மிதவை உண்டு. தொட்டி நிறைந்ததும் அது மேலே வந்து உறிஞ்சும் வழியை அடைத்துவிடும்.

தரையைத் துடைத்துக்கொண்டே உறிஞ்சும் புது மெஷின்களில் நல்ல தண்ணீருக்கு ஒரு தொட்டி, அழுக்குத் தண்ணீருக்கு வேறு தொட்டி. ஈர ரோலர் துடைக்க, ஒரு பட்டை அதைப் பிழிய, பிழிந்த நீர் உறிஞ்சப்படுகிறது. ஒரே வாளித் தண்ணீரில் மாப்பை முக்கி முக்கித் துடைப்பதைவிட இது நிச்சயம் சுத்தம். வேலை முடிந்ததும் அழுக்குத் தொட்டியையும் ரோலரையும் கழுவிக் காயவைக்காவிட்டால் மறுநாளே நாறும்.

ஷாம்பூ மெஷின் போட்ட பிறகு கார்பெட் நாறுது. மெஷின் சரியில்லையா?

ஷாம்பூ மெஷின் என்பது ஷாம்பூ கலந்த நீரைக் கார்பெட்டில் தெளித்துத் திரும்ப உறிஞ்சும் மெஷின். உங்கள் கார்பெட்டில் தண்ணீர் அதிகம் தங்கிவிட்டது. ஒரு முறை நீர் தெளித்துத் தள்ளினால், இரண்டு மூன்று முறை தெளிக்காமல் உறிஞ்ச மட்டும் செய்யுங்கள். ஃபேனைப் போடுங்கள், ஜன்னலைத் திறங்கள். சென்னை மழைக்காலத்தில் இந்த வேலையை வைத்துக்கொள்ளவே வேண்டாம். ஷாம்பூவும் குறைவாகப் போதும். மிச்சம் தங்கினால் பிசுபிசுத்து அழுக்கைப் பிடிக்கும்.

ஹெப்பா ஃபில்டர்னு எழுதியிருக்கு. அலர்ஜிக்கு அது போதுமா?

அமெரிக்க வரையறைப்படி ஹெப்பா என்றால் 0.3 மைக்ரான் துகள்களில் 99.97 சதவீதத்தைப் பிடிக்க வேண்டும். அது ஃபில்டருக்கான அளவு, மெஷினுக்கானது இல்லை. காற்று ஃபில்டருக்குப் போகும் முன்பே மூடியின் இடுக்கு வழியாகக் கசிந்தால் ஃபில்டர் இருந்தும் பயன் இல்லை. மூடியின் இடுக்கை அடைக்கும் ரப்பர் கேஸ்கெட்டைச் சுற்றிச் சாம்பல் நிறக் கோடு தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் அங்கேதான் கசிவு.

புதுசா போட்ட மெத்து மெத்துன்னு இருக்கிற கார்பெட்ல மெஷின் நகரவே மாட்டேங்குது. ரிப்பேரா?

மெஷின் மேல் தப்பு இல்லை. மிக மெல்லிய நூலால் அடர்த்தியாக நெய்த கார்பெட் தலையின் அடியோடு ஒட்டிக்கொள்கிறது. காற்று நுழைய வழியில்லாமல் தலை தரையைக் கவ்விப் பிடிக்கிறது. இழுவை எவ்வளவு அதிகமோ அவ்வளவு மோசம். தலையின் உயரத்தைக் கூட்டுங்கள். கைப்பிடியில் காற்றுவிடும் துளை இருந்தால் திறந்துவிடுங்கள். இப்படிப்பட்ட கார்பெட்டுக்குத் தலையின் முன்பக்கம் காற்று வழி வைத்த மெஷின்தான் சரி. உயரத்தை மாற்றவே முடியாத மெஷினை இந்த வீட்டுக்கு வாங்காதீர்கள்.

சுவர் ஓரமா ஒரு விரல் அகலத்துக்கு எடுக்கவே இல்லையே?

பெல்ட் ஓடும் பக்கத்தில் ரோலரில் மயிர் இருக்காது, அந்த அகலம் விட்டுப்போகும். மறுபக்கத்தைச் சுவரோடு வைத்து ஓட்டிப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். மீதியை ஹோஸில் ஒல்லி முனையை மாட்டி எடுக்க வேண்டும்.

அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த அப்ரைட்டைச் சென்னையில மாட்டலாமா?

நேராக மாட்டினால் கருகிவிடும். அது 120 வோல்ட்டுக்குச் செய்தது, இங்கே 230. பிளக்கின் வடிவத்தை மாற்றும் அடாப்டர் வோல்டேஜை மாற்றாது. லேபிளில் 12 ஆம்ப்ஸ் என்றிருந்தால் 1440 வாட். அதற்கு வோல்டேஜைக் குறைக்கும் 2000 விஏ (வோல்ட்-ஆம்பியர்) டிரான்ஸ்ஃபார்மராவது வேண்டும். அதுவே மெஷினைவிடக் கனமாக இருக்கலாம். கார்பன் பிரஷ் (சுழலும் பாகத்துக்கு மின்சாரம் கொடுக்கும் கரித்துண்டு) வைத்த மோட்டாருக்கு, மின்சாரம் இங்கே 50 ஹெர்ட்ஸ், அங்கே 60 ஹெர்ட்ஸ் என்ற வித்தியாசம் பிரச்சினை இல்லை. பேட்டரி மெஷின் என்றால் சார்ஜரில் 100–240 என்று எழுதியிருந்தால் தாராளமாகப் போடலாம்.

காஷ்மீர் கார்பெட், பவானி ஜமக்காளம் ரெண்டுக்கும் ஓட்டலாமா?

இரண்டுக்கும் சுற்றும் ரோலர் வேண்டாம், ஆனால் காரணம் வேறு. காஷ்மீர் கார்பெட் கையால் முடிச்சுப் போட்டது. பட்டாக இருந்தால் கடினமான மயிர் நூலின் பளபளப்பைக் கெடுக்கும். ஓரக் குஞ்சம் ரோலரில் சிக்கினால் முனையே பிரிந்துவிடும். ரோலரை நிறுத்தி, இழுவையைக் குறைத்து, நூல் சாய்ந்திருக்கும் திசையிலேயே மெதுவாக இழுங்கள். குஞ்சத்தைக் கையால் உதறினால் போதும்.

பவானி ஜமக்காளத்தில் நிமிர்ந்து நிற்கும் நூலே கிடையாது, தட்டையான நெசவு. பிரிக்க நூல் இல்லாத இடத்தில் ரோலருக்கு வேலை இல்லை. லேசான விரிப்பு என்பதால் தலைக்குள் சுருட்டி இழுத்துக்கொள்ளவும் செய்யும். வெளியே கொண்டுபோய் உதறிவிட்டு, தேவைப்பட்டால் ஹோஸை மட்டும் வைத்து இரண்டு பக்கமும் எடுங்கள்.